மலையில் அபயம் தந்தவர்கள்

பழனி மலைத்தொடரை மேல்மலை என்றும் கீழ்மலை என்றும் இரு கூறாக்கிப் பேசுவது அங்குள்ள ஜனங்களின் வழக்கம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை முதலிய ஊர்கள், பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்ற மேல்மலையைச் சேர்ந்தவை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், பெரியூர் முதலியவை, காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்ற கீழ்மலையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் பொதுவான சந்தையும் கோர்ட்டும் ஆஸ்பத்திரியுமாகச் சுமார் 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் நகரம் அமைந்திருக்கிறது. இந்தப் பூகோளத்தை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் கணவனிடம் அடிபட்ட ஒருத்தி இரவோடிரவாக வீட்டை விட்டுக் கிளம்பினால் அடுத்த ஊரின் விளக்கு கண்ணுக்குத் தெரியும். பஸ் கிடைக்காவிட்டாலும் நடந்தாவது ஒரு வாசலை அடைந்துவிடலாம். மேல்மலையிலோ, கடைசிப் பஸ் போய்விட்ட பிறகு, ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் நடுவே சோலைக்காடும் பள்ளத்தாக்கும் மேய்ச்சலுக்கு இறங்கிய காட்டெருமைகளும் உறைபனியுமே இருக்கின்றன. ஆகவே, துன்புற்ற பெண்களுக்கு இம்மலையில் யார் ஆதரவளித்தார்கள் என்று ஆராயப் புகுந்தால், அந்தந்தக் காலத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் வந்தவளிடம் முதலில் என்ன கேட்டார்கள் என்ற இரண்டு விஷயங்களையே நாம் பிரதானமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பஞ்சாயத்தே நெடுங்காலம் அந்த இடத்தை வகித்தது. மேல்மலையில் குன்னுவர் சமூகத்தின் ஊர்த்தலைவர்கள் மன்னாடியார் என்ற கௌரவப் பெயரோடு நியாயம் விசாரித்தார்கள். 1868-இல் வெளிவந்த மதுரை நாட்டைப் பற்றிய கையேட்டில் ஜே. எச். நெல்சன் என்ற ஆங்கில அதிகாரி இச்சமூகத்தின் ஒரு விநோதமான வழக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஆண் வாரிசு இல்லாத குடும்பத்தின் சொத்து மகளுக்கு வரும் நிலை நேர்ந்தால், அவளை வேற்று வீட்டுக்கு அனுப்பிவிடாமல், ஒரு சிறு பிள்ளைக்கோ, சில சமயம் தகப்பன் வீட்டின் ஒரு பகுதிக்கோ அவளை மணம் செய்து வைப்பதாகச் சடங்கு நடத்தி, அவள் அந்த வீட்டிலேயே இருந்து பெறுகின்ற பிள்ளைக்குச் சொத்துச் சேருமாறு செய்துவிடுவார்களாம். நெல்சன் இதை ஒழுக்கக் குறைவாகப் பாவித்து முகம் சுளிக்கிறார். நிலம் கைமாறிவிடக் கூடாதென்பதற்காக ஆண்கள் வகுத்த ஏற்பாடு இது என்பதிலும், அப்பெண்ணின் விருப்பத்தை அதில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதிலும் ஐயமில்லை. ஆயினும், தை மாதத்து இரவில் கதவுக்கு வெளியே தள்ளப்படுவது அடியைவிடக் கொடிய தண்டனையாக இருக்கின்ற ஒரு மலையில், "வீட்டை விட்டு வெளியே போ" என்று எந்த ஆணும் சொல்ல இயலாத ஒரு பெண் இருந்தாள் என்பது எனக்கு அற்ப விஷயமாகத் தோன்றவில்லை. கணவன் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு என்று பாரத சர்க்கார் சட்டம் எழுத 2005 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மற்றப் பெண்களுக்குப் பஞ்சாயத்து என்ன செய்தது? இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்தது, "நீ என்னம்மா சொன்னே அவனை, இவ்வளவு கோபம் வர்றதுக்கு?" என்று கேட்டது, அவனுக்கு அபராதம் விதித்து, அவளுக்குப் புத்தி சொல்லி, இருவரையும் சேர்த்து அனுப்பி வைத்தது. பிரிவும் மறுமணமும் மலைச் சமூகங்களில் சமவெளியின் மேல்சாதியார் எண்ணியதைப்போல் பாபமாகக் கருதப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் பிரிவு கேட்டு வந்தவள் தனக்குப் பின்னால் அண்ணனோ தகப்பனோ நின்றால்தான் சபையில் வாய் திறக்க முடிந்தது. அவர்கள் வேறு மலையில் இருந்தால் அவள் ஊமை.

இவ்விஷயத்தில் இம்மலையின் பழங்குடியினரான பளியர்களைத் தனியே குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. 1960-களின் ஆரம்பத்தில் மதுரைச் சீமையின் மலையடிவாரங்களில் பளியரோடு தங்கி ஆராய்ச்சி செய்த பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர், சண்டை மூண்டால் எதிர்த்து நிற்பதைவிட விலகிப் போய்விடுவதையே அவர்கள் உயர்ந்த ஒழுக்கமாகக் கொண்டிருந்ததையும், கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் முற்றினால் ஒருவர் எழுந்து வேறு குடியிருப்புக்குப் போய்விடுவதையும், அதை யாரும் தடுக்காததையும் பதிவு செய்திருக்கிறார். அவர்களுள் வேடிக்கையாகப் பேசியோ தணிவாகப் பேசியோ சினத்தை ஆற்றுகின்ற சிலர் இருந்தனர். தண்டிக்கும் அதிகாரமோ தீர்ப்புச் சொல்லும் அதிகாரமோ அவர்களுக்கு இல்லை. இன்று மனநல ஆலோசகர் என்று நாம் சம்பளம் கொடுத்து நியமிக்கிறவருடைய வேலைக்கு இம்மலையில் முன்னோடி யார் என்று கேட்டால், மன்னாடியாரின் சபையை அல்ல, இந்தப் பளியர் பெரியவர்களையே நான் சுட்டுவேன். காடு சுருங்கி, கூலி வேலையும் சாராயமும் குடியிருப்புக்குள் புகுந்த பிறகு, விலகிப் போவதற்கு இடமில்லாத வாழ்க்கை அவர்களுக்கும் வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனார் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிக் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டதும், 1863-இல் வியர் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி சமைத்ததும், பிறகு பள்ளிக்கூடங்களும் சூரிய ஆராய்ச்சி நிலையமும் வந்ததும் எல்லோரும் அறிந்த சரித்திரம். அதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. நம் விஷயத்துக்கு அவசியமானது, அந்த மிஷனாரோடு வந்து சேர்ந்த ஒரு புதிய உத்தியோகம். ஈவா ஸ்விஃப்ட் என்ற அம்மையார் 1892-இல் மதுரையில் பெண்களுக்கென்று ஒரு வேதாகமப் பள்ளியை ஏற்படுத்தினார். அத்தகைய பள்ளிகளில் படித்த தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் விதவைகளும் கைவிடப்பட்டவர்களும், சிறு சம்பளத்துக்கு ஊர் ஊராகப் போய் வீட்டுப் பெண்களிடம் அமர்ந்து எழுத்தும் வேதமும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் போன காரியம் மதப் பிரசாரம்தான். அதில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலிருக்கலாம். எனினும் ஆண்துணையின்றிப் பிரயாணம் செய்து, அடுப்படி வரை சென்று, பெண் சொல்வதைக் கேட்பதற்கென்றே சம்பளம் பெற்ற முதல் தமிழ்ப் பெண்கள் அவர்களே. கணவனை இழந்து தானே நிராதரவாக நின்ற ஒருத்தியைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, அதே நிலையிலுள்ள பிறரிடம் அனுப்புகின்ற முறை இந்தப் பணிக்குள் அன்று புகுந்து, இன்றுவரை அதை விட்டு நீங்கவில்லை.

மலைத்தோட்டங்களிலும் காட்டு வேலைகளிலும் வெளியூர்க் கூலிகள் வந்து குடியேறியபோது துன்பம் வேறொரு ரூபம் கொண்டது. 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுள் ஒரு பகுதியார் இம்மலைக்கு வந்து, சீகை மரம் வெட்டியும் பட்டை உரித்தும் பிழைத்தனர். ஹட்டனிலோ பதுளையிலோ பிறந்த பெண்ணுக்குக் கொடைக்கானலில் பிறந்தகம் ஏது? அடிபட்டால் போய் நிற்பதற்குத் தாய்மாமன் வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. பஞ்சாயத்தில் பேசுவதற்கு உறவுமுறை இல்லை. கங்காணியோ காண்டிராக்டரோ சொன்னதே சட்டம். உறவினரல்லாத ஒருவர், உத்தியோக முறையில், ஆதரவு தந்தேயாக வேண்டும் என்ற தேவை மலையில் இவர்களைப்போல் வேறு யாரிடத்திலும் அத்தனை வெளிப்படையாகத் தெரியவில்லை.

அந்த உத்தியோகத்துக்கு உருவம் கொடுத்தவர் இம்மலையின் அடிவாரச் சீமையிலேயே வாழ்ந்தார். மதுரைத் தொழிலதிபர் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் குமாரத்தியான சௌந்தரம் 1904-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே மணமாகி, 1925-இல் கணவரை இழந்தார். விதவையை மூலையில் உட்கார வைக்கும் ஆசாரம் தழைத்திருந்த அந்நாளில், தில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் வைத்தியம் படித்து, 1936-இல் டாக்டரானார். 1940-இல் காந்தியடிகளின் ஆசியோடு காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். கஸ்தூரிபா காந்தி 1944-இல் காலமான பின் அவர் நினைவாகக் கிராமப் பெண்களின் நலனுக்கென நிதி திரட்டி ஏற்பட்ட கஸ்தூரிபா டிரஸ்டின் தமிழ்நாட்டுப் பொறுப்பு இவரிடம் வந்தது. 1947-இல் கணவரும் மனைவியும் திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில், சின்னாளப்பட்டி அருகே, காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

காந்திகிராமத்தின் கல்விக்கூடங்களும் கதரும் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியும் பெரும் புகழ் பெற்றுவிட்டபடியால், அதன் ஓரத்தில் நடந்த மற்றொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கைவிடப்பட்ட பெண்களும் விதவைகளும் அங்கே வந்து தங்கினார்கள். தாயற்ற குழந்தைகளுக்குச் சௌபாக்ய இல்லம் என்ற பெயரில் ஓர் இல்லம் ஏற்பட்டது. அநாதை இல்லம் என்றோ விடுதி என்றோ சொல்லாமல் அந்தப் பெயரை வைத்ததில் சௌந்தரம் அம்மையாரின் மனம் தெரிகிறது. வந்த பெண்களை நிரந்தரமாகச் சோறு போட்டு வைத்திருக்க அவர் விரும்பவில்லை. பிரசவம் பார்க்கவும், குழந்தைகளைக் கவனிக்கவும், கைத்தொழில் கற்பிக்கவும் பயிற்றி, கிராம சேவிகைகளாக வெளியே அனுப்பினார். வேதாகமப் பெண்மணிகளின் முறையே இங்கும். பைபிளுக்குப் பதில் மருத்துவச்சிப் பெட்டியும் ராட்டையும் கைக்கு வந்தன. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசிக் குலத்தில் பிறந்த பெண்களை விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்ததைக் கண்டு, 1930-களின் தொடக்கத்தில் தம் வீட்டிலேயே இடம் கொடுத்து ஔவை இல்லத்தைத் தொடங்கியதும் இதே மரபைச் சேர்ந்ததுதான். இருவரும் டாக்டர்கள் என்பதை நான் தற்செயலாக எண்ணுவதில்லை. உடம்பில் உள்ள காயத்தைப் பார்க்க உரிமை பெற்ற பெண், அக்காலத்தில் டாக்டர் ஒருத்திதான்.

சுதந்தர சர்க்கார் இந்தத் தனிமனித முயற்சிகளை இலாகாக்களாக மாற்றியது. சென்னை ராஜ்யத்தில் மாதர் நலத்துறை ஏற்பட்டது. 1953-இல் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. 1983-இல் குடும்ப ஆலோசனை மையங்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை அவ்வாரியம் கொணர்ந்தது. அதே ஆண்டில் மனைவியைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றமாக்கப்பட்டு, 498அ என்ற இலக்கம் ஜனங்களின் வாயில் புழங்கலாயிற்று. பிற நாடுகளிலும் விழிப்பு ஏறத்தாழ இதே பருவத்தில்தான் வந்தது: லண்டனில் சிஸ்விக் பகுதியில் அடிபட்ட மனைவியருக்கான முதல் அடைக்கல வீடு 1971-இல் திறக்கப்பட்டது. 1984-இல் பெண்களுக்கென்றே அன்னை தெரசாள் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே அமைந்தது. 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி ஜில்லா ஆனபோது, மலை மக்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் சிறிது கிட்டே வந்தது. சிறிது என்றது காரணத்தோடுதான்: மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு 35 கிலோமீட்டர், அங்கிருந்து மலையிறங்கி வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கு இன்னும் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்.

போலீஸ் ஸ்டேஷனில் பெண் உட்கார்ந்திருப்பது அடுத்த மாறுதல். தமிழ்நாட்டில் பெண்கள் முதன்முதலாகப் போலீசில் சேர்க்கப்பட்டது 1973-இல். அதே ஆண்டில் கேரளத்துக் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஏற்பட்டு, பின்பு அது ஜில்லாக்களுக்கும் மலைக்கும் பரவியது. ஆண் போலீஸ்காரரிடம் சொல்லக் கூசுகின்றதைப் பெண் எழுத்தரிடம் சொல்ல முடிந்தது என்பது சாமானிய நன்மையல்ல. ஆயினும், பஞ்சாயத்தின் பழைய புத்தி காக்கி உடுத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. மனுவை வாங்கி ரசீது கொடுப்பார்கள். மறுநாள் கணவனையும் மாமியாரையும் வரச் சொல்லுவார்கள். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்க வைத்து விசாரிப்பார்கள். "இனிமேல் அடிக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று அவனிடமும், "பிள்ளை முகத்தைப் பாரும்மா, அனுசரிச்சுப் போ" என்று அவளிடமும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். இப்படி எழுதி வாங்கிய காகிதங்களை எந்த ஸ்டேஷனிலும் கட்டுக்கட்டாகக் காணலாம். அவர்கள் மனமறிந்து தீங்கு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அனுப்பி வைக்க வேறு இடமில்லாத அதிகாரி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியிலும் கேட்கும் முறையே முக்கியம். மலையில் காயத்துக்குச் சொல்லும் காரணங்கள் சமவெளியினும் வேறு: விறகுக்குப் போன இடத்தில் வழுக்கி விழுந்தேன், காரட் மூட்டை சரிந்து மேலே விழுந்தது, மாடு முட்டிவிட்டது. பழகிய நர்ஸம்மாவுக்கு மாடு முட்டிய காயமும் கட்டையால் அடித்த காயமும் வித்தியாசம் தெரியும். விபத்துப் பதிவேட்டில் எந்தக் காரணம் எழுதப்படுகிறதோ அதுவே பின்னாளில் கோர்ட்டில் சாட்சி. ஆதலால் எழுதுமுன் கூட வந்த கணவனை "மாத்திரை வாங்கிட்டு வாங்க" என்று சீட்டு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் இன்னொரு தரம் கேட்கத் தெரிந்த ஒரு நர்ஸ், எந்தச் சட்டப் புத்தகத்திலும் பெயர் வராதவராயினும், இச்சரித்திரத்தில் இடம் பெற வேண்டியவரே.

2005-இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வழக்குப் போட்டுக் கணவனைச் சிறைக்கு அனுப்புவது ஒன்றே வழி என்றிருந்த நிலையை மாற்றி, பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு உத்தரவு, பண நிவாரணம், குழந்தையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் உத்தரவு ஆகியவற்றை மாஜிஸ்திரேட்டிடமிருந்து பெறலாம் என்று ஏற்படுத்தியது. பாதுகாப்பு அலுவலர் என்ற பதவியும் அதனால் உண்டாயிற்று. இவ்வலுவலர் முதலில் செய்வது ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்தல். நான்கைந்து பக்கத்துக்கு நீளும் அந்தச் சம்பவ அறிக்கையில், உடம்பை வருத்தியதை விவரித்து எழுத ஓர் இடம். ஆண் குழந்தை பெறவில்லையென்று இகழ்ந்தது, வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது முதலியவற்றுக்கு வேறு இடம். சோறு, துணி, மருந்து கொடுக்காமை, சம்பாதித்ததைப் பிடுங்கிக்கொண்டமை ஆகியவற்றுக்கு மற்றோர் இடம். தன்னை அடித்ததை மட்டும் சொல்ல வந்தவள், இந்த வரிசையை ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, தோட்டக்கூலியை அவன் வாங்கிப் போனதும் சட்டத்தில் வன்முறையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று திகைத்துப் போவதுண்டு.

இச்சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளில் ஒன்றை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்பேரில் ஆலோசனை நடக்கும்போது, தான் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்புக்கு அனுமதியில்லை என்பதையும், அந்த நிபந்தனையை ஆலோசனை தொடங்குமுன்பே அவனுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பதையும் அது விதிக்கிறது. "அவ என்ன சொன்னா தெரியுமா?" என்று அவன் வாயெடுத்தால், அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. மன்னாடியாரின் மந்தையிலும் மகளிர் ஸ்டேஷனின் மேஜையிலும் தலைமுறை தலைமுறையாக முதலில் கேட்கப்பட்டு வந்த கேள்வியை, தில்லியில் எழுதிய ஒரு விதி ஒரே வரியில் சபையை விட்டு வெளியேற்றியது. நடைமுறையில் அக்கேள்வி வேறு வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

2012 டிசம்பர் 16-இல் தில்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை அடுத்து எழுந்த கொதிப்பில் நிர்பயா நிதி உண்டாயிற்று. அந்நிதியிலிருந்து 2015 ஏப்ரல் 1 முதல் 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டம் தொடங்கியது. வைத்தியம், போலீஸ் உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, ஐந்து நாள் வரை தங்குமிடம் ஆகிய ஐந்தையும் ஒரு கூரையின் கீழ் தருவது இதன் நோக்கம். ஜில்லாவை அலகாகக் கொண்டு திட்டம் வகுத்தவர்கள், கலெக்டரைக் குழுத் தலைவராக்கி, மைய நிர்வாகி, ஆலோசகர், வழக்குப் பணியாளர், பன்முக உதவியாளர், பாதுகாவலர் என்று பதவிகளை ஏற்படுத்தினர். 2018 டிசம்பரில் தமிழ்நாட்டில் 181 என்ற பெண்கள் உதவித் தொலைபேசியும் சேர்ந்துகொண்டது. அதற்குச் சில வாரங்கள் முன்னதாக நவம்பரில் அடித்த கஜா புயலில் கொடைக்கானல் மலைச் சாலைகள் மரம் விழுந்தும் மண் சரிந்தும் அடைபட்டிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், மலைவாசிக்குத் தொலைபேசி எண்ணின் அருமையும் அதன் குறையும் ஒருங்கே புலப்படும். அழைப்பை எடுத்துப் பேசுவதற்கு ஆள் உண்டு, வந்து அழைத்துப் போகப் பாதை வேண்டும்.

இந்த மையங்களில் வேலை பார்ப்பவர்கள் யார்? மாவட்ட நிர்வாகங்கள் அண்மைக் காலத்தில் வெளியிட்ட விளம்பரங்களைப் பார்த்தால், உள்ளூர்ப் பெண்களை (வழக்குப் பணியாளராயின் சமூகப் பணியிலோ உளவியலிலோ பட்டம் பெற்றவர்களை), ஒப்பந்த முறையில், இரவும் பகலும் மாறி மாறி வருகின்ற ஷிப்டுக்கு, வழக்குப் பணியாளருக்கு மாதம் 18,000 ரூபாய், பன்முக உதவியாளருக்கு 10,000 ரூபாய் என்ற அளவில் கேட்டிருக்கிறார்கள். பன்முக உதவியாளர் என்பவர் சமையலும் துப்புரவும் செய்பவர். நள்ளிரவில் வந்தவளுக்கு முதலில் முகம் காட்டுவதும், குழந்தைக்குப் பால் காய்ச்சுவதும், கிழிந்த ரவிக்கைக்கு மாற்று எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். ஆலோசகரிடம் சொல்லாததை அடுப்படியில் அவரிடம் சொல்லிவிடுவார்கள் என்பது இப்பணியில் இருப்போர் அனைவரும் அறிந்த உண்மை. அப்படிப்பட்டவருக்குத்தான் சம்பளத்தில் கடைசி இடம். ஈவா ஸ்விஃப்ட் காலத்திலிருந்து நாம் விடாமல் காப்பாற்றி வருகின்ற சம்பிரதாயம் இது ஒன்று என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மலைக்கிராமத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தால் நடப்பது பெரும்பாலும் இப்படி. 181-இல் எடுத்தவர் ஜில்லா மையத்துக்குச் சொல்லுகிறார். மையத்தின் வழக்குப் பணியாளர் மேல்மலையில் தமக்குத் தெரிந்த அங்கன்வாடி டீச்சருக்கோ கிராம சுகாதார செவிலியருக்கோ போன் செய்கிறார். டீச்சர் டார்ச் விளக்கோடு போய் அவளைத் தம் வீட்டுக்கோ அங்கன்வாடிக்கோ அழைத்துவந்து விடியும்வரை வைத்திருக்கிறார். காலை முதல் பஸ்ஸில் கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரி, பிறகு மகளிர் ஸ்டேஷன், பிறகு மலையிறக்கம். "சாப்பிட்டியாக்கா? சின்னப் பிள்ளை எங்க இருக்கு? ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு வந்தியா?" என்பவையே போனில் கேட்கப்படும் முதல் கேள்விகள், காரணம் யாது என்ற கேள்வி அன்று இரவு எழுவதில்லை. டீச்சரோ செவிலியரோ மையத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். காலையில் அவள் பஸ் ஏறிப் போய்விட்ட பிறகு, அதே ஊரில் அவள் கணவனுக்கும் மாமனாருக்கும் எதிர்ப்பட்டுக்கொண்டு குடியிருக்க வேண்டியவர்களும் அவர்களே. "எங்க வீட்டு விஷயத்துல உனக்கென்ன?" என்று வாசலில் வந்து கேட்கப்படும் வார்த்தையைத் தாங்குவதற்கு எந்தத் திட்டத்திலும் படி ஒதுக்கவில்லை. 2020-இல் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டு, சுற்றுலாவும் நின்று, பஸ்ஸும் நின்று, கூலியிழந்த ஆண்கள் வீட்டோடு அடைந்து கிடந்த மாதங்களில், ஜில்லா மையத்துக்கும் மேல்மலைக்கும் நடுவில் பாலமாக இருந்தவர்கள் இவர்களைத் தவிர வேறு யார் இருந்திருக்க முடியும்?

சிறிய ஊரில் ரகசியம் காப்பதன் கஷ்டத்தையும் குறிப்பிட வேண்டும். கொடைக்கானல் பெரிய பெயர் கொண்ட சிறிய ஊர். வழக்குப் பணியாளர் கீழ்மலைப் பெண்ணாக இருந்தால், தாண்டிக்குடியிலிருந்து வருகிறவளுக்கு அவர் ஒன்றுவிட்ட நாத்தனாராகவே இருக்கக்கூடும். உள்ளூர்க்காரி என்பதால் பாஷையும் பாதையும் தெரியும். உள்ளூர்க்காரி என்பதாலேயே வந்தவள் வாய் திறக்க அஞ்சுவாள். சிறிய ஊரில் இயங்கும் எந்த ஸ்தாபனமும் சந்திக்கின்ற சங்கடம்தான் இது. இதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. பணியாளரின் சுபாவத்தில்தான் இருக்கிறது.

மற்றொரு சங்கடம் இம்மலைக்கே உரியது. பூம்பாறை மலைப்பூண்டு பெயர் பெற்ற பயிர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. நட்டு, களையெடுத்து, பிடுங்கி, பதப்படுத்தி, முடிச்சுப் போடுவது பெரும்பாலும் பெண்ணின் உழைப்பு. விற்ற சீட்டு ஆணின் பெயரில். பயிர் மண்ணுக்குள் இருக்கையில் வீட்டை விட்டு வந்தவள், தன் நான்கு மாதப் பாட்டையும் விட்டுவிட்டு வந்தவள். ஐந்து நாள் தங்கியபின், "பூண்டு எடுத்து முடிச்சிட்டு வந்திர்றேன் மேடம்" என்று சொல்லித் திரும்பிப் போகின்றவர்களை, மனம் மாறிவிட்டார்கள் என்றும் சேர்ந்து வாழ இசைந்துவிட்டார்கள் என்றும் அறிக்கையில் எழுதுவது எளிது. விஷயம் தெரிந்த வழக்குப் பணியாளர் அப்படி எழுதுவதில்லை. பண நிவாரணம் கோரும் மனுவில் பயிரையும் சேர்க்க வேண்டுமென்று வக்கீலிடம் சொல்லிவைக்கிறார். எத்தனை குழி நட்டிருக்கிறாள், விதைப்பூண்டு யார் பணத்தில் வாங்கியது, மகளிர் குழுக் கடன் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். பதிவேட்டில் அடுத்துத் தொடர்புகொள்ள வேண்டிய தேதி என்ற இடத்தில், அலுவலக வழக்கமான பதினைந்து நாளை விட்டுவிட்டு, பூண்டு அறுவடை முடிகின்ற வாரத்தைக் குறித்து, அந்த ஊர் டீச்சரின் எண்ணைப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்.